இரவல் பயம்

செந்தூர்பாண்டி என்ற மனிதரை மரிய கொரற்றி நேரில் பார்த்ததே இல்லை. பெயர்கூடத் தெரியாது. ஆனால் பயந்து போனால் அவருக்கு நாக்கு எப்படி வறளும், கட்டைவிரல் எப்படித் தானாகப் போய் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும், சைரன் கேட்டால் எதிரில் நிற்கிறவரெல்லாம் எப்படி எதிரியாகத் தெரிவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவருடைய வாழ்க்கையிலேயே மோசமான ஒரு மணி நேரத்தை அவள் வருடக்கணக்கில் தலையில் மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். பிறகு தெரியாமலா போகும்?

கொரற்றி தீயணைப்புத் துறைக்காரி. ஏணியும் கயிறும் பழகியவள். தூத்துக்குடியில் போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு என்று மூன்று துறை ஆட்களுக்கும் 'பரிவுப் பயிற்சி' கொடுக்கிற வேலையும் அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. மனம் கலங்கிக் கத்துகிறவர்களை, ஓடுகிறவர்களை, உயரத்தில் ஏறி நிற்கிறவர்களை எப்படி அணுகுவது என்ற பயிற்சி. முன்பெல்லாம் ஒரு டாக்டர் வந்து படம் போட்டுப் பேசுவார், எல்லோரும் டீயும் சமோசாவும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போவார்கள். இப்போது, இன்னொருவர் பயத்தை நமக்குள் ஓட்டிக் காட்டுகிற தலைப் பட்டை வந்துவிட்டது.

அன்றைக்குக் காலை வகுப்பில் ஒரு மீசைக்கார ஏட்டு அந்தப் பட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல படம் கிடம் தெரியுமா மேடம்?"

"படமெல்லாம் தெரியாது ஏட்டய்யா. கண்ணத் திறந்தா இதே ரூமுதான், இதே ஃபேன்தான். ஆனா அந்த ஃபேன் உங்களப் பத்தித்தான் பேசுதுன்னு தோணும். பக்கத்துல இருக்கிறவரு இருமினா, அது உங்களுக்கு எதிரா யாருக்கோ குடுக்கிற சிக்னல்னு தோணும்."

"யாரு பயம் இது?"

"ஒரு ஆளு. பேரு நமக்குச் சொல்ல மாட்டாவ. மனசு சரியில்லாம ரோட்டுல ஓடுனவர நாலு பேரு அமுக்கிப் புடிச்சு, சைரன் போட்டு ஆம்புலன்ஸ்ல கொண்டு போயிருக்காவ. என்ன நோவுன்னு பாக்க தலையில பட்டை மாட்டியிருக்காவ. அந்த நேரம் அவரு மூளையில ஓடுனது அம்புட்டும் அதுல பதிஞ்சு போச்சு. குணமான பெறகு, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்னு அவரே சம்மதிச்சுக் குடுத்துட்டாரு. இதுக்கு சைரன் பதிவுன்னு பேரு."

"அப்போ நீங்களும் மாட்டுவியளா?"

"நானும்தான். மாட்டச் சொல்லுதவளும் மாட்டணும். அதான் இங்க சட்டம்."

அந்தச் சட்டத்தைப் போட்டவர் டாக்டர் ஆராவமுதன். இந்தப் பயிற்சியையே உருவாக்கியவர். சென்னையில் இருக்கிறார். நல்ல மனுஷன். அடுத்தவனை நெருப்பில் இறக்கிவிட்டு ஆசிரியர் கரையில் நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு வருகிறவன் ஒரு தடவை இறங்கி ஏறுகிறான், ஆசிரியர் ஒவ்வொரு வகுப்புக்கும் இறங்குகிறார் என்பதை அவர் யோசிக்கவில்லை.

பட்டையை மாட்டினார்கள். சிரித்துக்கொண்டிருந்த அறை கொஞ்ச நேரத்தில் அடங்கிப் போயிற்று. ஒருவன் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டான். முடிந்ததும் மீசைக்கார ஏட்டு சட்டையில் தொங்கிய விசிலை அவிழ்த்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதைக் கண்ணால் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

கொரற்றி எழுந்து பாடத்தைச் சொன்னாள். வண்டியின் சைரனை அரை மைலுக்கு முன்னாலேயே அடக்கிவிட வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும். கலங்கிப் போனவர் நிற்கிற மட்டத்துக்குக் கீழே உட்கார வேண்டும். அப்புறம் மூன்று வாக்கியங்கள், அவசரமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக: 'நான் எங்கேயும் போகல. உங்க பயம் நிஜம். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல.'

சும்மா சொல்லக் கூடாது, அந்த மூன்று வாக்கியங்களும் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன. லத்தியும் கயிறுமாகப் போன இடத்தில் ஆட்கள் இப்போது தொப்பியைக் கழற்றிவிட்டு உட்காருகிறார்கள். அதனால்தான் கொரற்றி தன் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அவள் விஷயம் இதுதான். பட்டையைக் கழற்றிய அரை மணி நேரத்தில் பயம் வடிந்துவிடும் என்பது கணக்கு. அவளுக்கு வடிவதில்லை. முதலில் ஒரு நாள் தங்கியது, அப்புறம் ஒரு வாரம். இப்போது அது போவதே இல்லை. தன் சொந்த வண்டியின் சைரனே தன்னைப் பிடிக்க வருகிற சத்தமாக அவளுக்குக் கேட்கிறது. டிரைவர் சுடலைமுத்துவிடம், "ரோடு காலியாத்தான கிடக்கு, எதுக்குண்ணே சத்தம்?" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். பயம் தங்கிவிட்டது என்று தெரிந்தால் களப்பணி போய்விடும், ஆபீசில் மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பயிற்சியே ஆபத்தானது என்று யாராவது கிளப்பிவிட்டு, திட்டத்தையே இழுத்து மூடிவிட்டால்? மறுபடி லத்தியும் கயிறும்தான். ஆக, அவள் வாயை மூடிக்கொண்டாள். ஏணி ஏறும்போது கட்டைவிரல் மடங்கிவிடாமல் இடது கையால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளப் பழகிக்கொண்டாள்.

வகுப்பு கலைவதற்கு முன்பே போன் வந்தது. உப்பளத்துப் பக்கம், பயன்பாட்டில் இல்லாத பழைய தண்ணீர்த் தொட்டி. மேலே ஓர் ஆள் ஏறி நிற்கிறார். தனக்குத்தானே பேசிக்கொள்கிறார்.

பட்டை கழற்றிய கையோடு களத்துக்குப் போகக் கூடாது. அது இன்னொரு சட்டம். ஆனால் பயிற்சி பெற்ற மற்றொரு குழு திருச்செந்தூர்ப் பக்கம் போயிருந்தது. கொரற்றி ஒரு நிமிடம் யோசித்தாள். அப்புறம் தன் தீயணைப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

சுடலைமுத்து சைரன் இல்லாமல்தான் ஓட்டினார். தொட்டிக்குக் கொஞ்சம் முன்பே வண்டியை நிறுத்திவிட்டார். அங்கே ஏற்கெனவே கூட்டம் கூடியிருந்தது. உப்பு வாருகிற பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து, வெயிலுக்குக் கையை மறைத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். கேட்க வேண்டுமா, அது நம் ஊர் ஆயிற்றே.

"மேல கைப்பிடியெல்லாம் துருப்பிடிச்சுப் போயிருக்கும்மா. ஒரு இடத்துல இல்லவே இல்ல. பாத்துப் போ," என்றார் சுடலைமுத்து.

சுற்றுப்படியில் கொரற்றி மெதுவாக ஏறினாள். தொட்டியைச் சுற்றி ஓடுகிற குறுகலான நடைமேடையில் அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. அவள் தொப்பியைக் கழற்றினாள். படியின் உச்சியில், அவருக்குக் கீழே இருக்கும்படி உட்கார்ந்தாள்.

"என் பேரு கொரற்றி. நான் எங்கேயும் போகல," என்றாள்.

அவர் விளிம்பை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

இதுவரை எவரும் அந்த வாக்கியத்துக்கு இப்படிச் செய்ததில்லை. பதறக் கூடாது, அடுத்ததுக்குப் போ என்பது பாடம். பாடம்தான் வாயில் வந்தது.

"உங்க பயம் நிஜம்."

இன்னோர் அடி. இப்போது அவர் அழுதுகொண்டிருந்தார்.

"நீங்களும் அவன் ஆளுதானா?" என்றார். "காதுக்குள்ள ஒருத்தன் காலையில இருந்து இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கான். எங்கேயும் போகல, எங்கேயும் போகலன்னு. இப்போ நீங்களும் வந்து சொல்லுதிய. அடுத்தது என்ன சொல்லுவிய தெரியுமா? எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லன்னு சொல்லுவிய."

கொரற்றி வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

"இத யாரு சொன்னதுன்னு தெரியுமா உங்களுக்கு? நான் சொன்னது! ஆஸ்பத்திரியில அந்த டாக்டரு கேட்டாரு, 'அன்னைக்கு உங்ககிட்ட யாராவது என்ன சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்'னு. நான் நாள்கணக்கா யோசிச்சு, அழுது, அப்புறந்தான் சொன்னேன். எனக்குன்னு இருந்ததே அவ்வளவுதான். அதை எடுத்து எல்லாருக்கும் குடுத்துட்டாவ. இப்போ கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டா ஒரு பொம்பளக் குரல் 'நான் எங்கேயும் போகல'ங்குது. ஓட்டுக் கேக்க வாரவன் அதச் சொல்லுதான். சோப்பு விளம்பரத்துல சொல்லுதாவ. கடைசியில என் தலைக்குள்ள இருக்கிறவனும் அதைக் கத்துக்கிட்டான். இனி எந்த வார்த்தையத்தான் நான் நம்ப?"

அவருடைய கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடிந்து, மற்ற நான்கு விரல்களும் அதை மூடி இறுக்கிக்கொண்டிருந்தன. கொரற்றி குனிந்து தன் கையைப் பார்த்தாள். அதுவும் அப்படியேதான் இருந்தது.

இவர்தானா! காதலித்தவன் முகத்தைக்கூட இவ்வளவு நன்றாக அவள் அறிந்ததில்லை. இந்த மனிதரின் உள்ளே உட்கார்ந்து எத்தனை தடவை ஆம்புலன்சின் கூரையைப் பார்த்திருக்கிறாள். இப்போது அவரே எதிரில் நிற்கிறார், அவளிடம் அவருக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை. இருந்ததெல்லாம் அவரிடமிருந்து எடுத்ததுதான்.

மெதுவாக எழுந்து நடைமேடைமேல் ஏறி நின்றாள். உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்ற பாடம் மறந்து போயிருந்தது.

"அண்ணாச்சி," என்றாள். "எனக்கும் அதே பயந்தான். உங்க பயம் எனக்குள்ள இருக்கு. வருசக்கணக்கா இருக்கு. போகவே மாட்டேங்குது. நான் யாருட்டயும் சொல்லல."

அவர் அவளைப் பார்த்தார். கேட்டாரா, கேட்கவில்லையா, ஒன்றும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ஒரு வண்டி வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் வேறு எங்கோ தகவல் சொல்லி, பயிற்சியே எடுக்காத ஓட்டுநர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். சைரனை முழுச் சத்தத்தில் போட்டுக்கொண்டு, உப்பளத்து வெட்டவெளி முழுக்க அது அலற அலற வந்தார். கீழே சுடலைமுத்து இரண்டு கையையும் வீசிக்கொண்டு, "அடக்குல! ஏல, சத்தத்த அடக்குல!" என்று ரோட்டில் ஓடினார்.

கொரற்றிக்கு அதற்குமேல் எதுவும் தெளிவாக இல்லை. சைரன் அவள் மண்டைக்குள்தான் அலறியது. கீழே நிற்கிற அத்தனை பேரும் தன்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. மூச்சு வரவில்லை. எதிலிருந்தோ விலக வேண்டும் என்று பின்னால் நகர்ந்தாள். பின்னால் கைப்பிடி இல்லை என்பது அவளுக்குத் தெரியும், சுடலைமுத்துகூடச் சொன்னார், ஆனால் தெரிந்தது எதுவும் அப்போது உதவிக்கு வரவில்லை.

"ஏ புள்ள! பின்னால பாரு!"

யாரோ அவள் கோட்டின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்கள். தொட்டிச் சுவரில் முதுகு இடித்தது. அவள் சரிந்து உட்கார்ந்தாள். அந்த மனிதர் அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பெல்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. கண்ணில் இன்னும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"உனக்கு என்ன கிறுக்கா? இங்க வந்து சாகப் பாக்க?" என்று திட்டினார்.

சைரன் நின்றது. அப்புறம் அவர் எழுந்து கையை நீட்டினார். "எந்திரி. நான் முன்னால இறங்குதேன். கீழ பாக்காத, என் முதுகப் பாத்துக்கிட்டே வா. ஒவ்வொரு படியா."

ஒவ்வொரு படியாக வந்தார்கள். தரையைத் தொட்டதும் கூட்டம் கை தட்டியது. உப்பு வாருகிற பெண் ஒருத்தி கொரற்றியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். தீயணைப்புப் பெண் ஒருத்தி தனியாக ஏறிப் பேசியே ஆளை இறக்கிவிட்டாள் என்று மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்தது. சுடலைமுத்துவுக்கு மட்டும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதலில் அவளிடம்தான் நீட்டினார்.

டாக்டர் ஆராவமுதன் சென்னையிலிருந்து கூப்பிட்டார். களத்துக்குப் போகிறவர்களின் கோட்டில் ஒலிவாங்கி இருக்கும், பேசுவதெல்லாம் அவருக்குப் போய்ச் சேரும். அன்றைக்குச் சைரன் அலறலோடு பதிவு நின்று போயிருந்தது, தொட்டிச் சுவரில் இடித்ததில் ஒலிவாங்கி உடைந்துவிட்டது.

"அபாரம் கொரற்றி! திரும்பத் திரும்பக் கேட்டேன். 'உங்க பயம் எனக்குள்ள இருக்கு'ன்னு சொன்னீங்களே, அந்த நேரத்துல அப்படி ஒரு பொய் எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

கொரற்றி போனைக் காது மாற்றிப் பிடிப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"பழைய வாக்கியமெல்லாம் தேஞ்சு போச்சும்மா. சின்னப் பசங்க அதை வச்சுக் கிண்டல் பண்றாங்க. புதுசா ஒண்ணு வேணும்னு நான் தவிச்சுக்கிட்டு இருந்தேன். இதையே பாடத்துல சேர்த்துடலாம். எல்லா ஊர்லயும் எல்லாரும் இதைச் சொல்லப் பழகட்டும். உங்க சம்மதம் மட்டும்தான் வேணும்."

"அவருட்டயும் கேக்கணும் சார். அவருகிட்ட சொன்னதுதான அது," என்றாள். ஓர் உண்மையைப் பொய் என்று நினைத்துப் பாராட்டுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது? தன் வாயிலிருந்து அந்த ஒரு தடவை தப்பி வெளியே வந்த சொல், நாளைக்குப் பாடமாகி, ஆயிரம் வாய்களில் புழங்கி, கேஸ் கம்பெனி வரைக்கும் போய்ச் சேரும். அதற்கப்புறம் அவள் நிஜமாகவே யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டி வந்தால் யார் நம்புவார்கள்?

சில வாரங்கள் கழித்து, டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடேயே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனாள். செந்தூர்பாண்டி தேறியிருந்தார். பெயரை அப்போதுதான் அவரே சொன்னார். துறைமுகத்தில் வெல்டராம். மாத்திரை ஒத்துப்போய்விட்டது, காதுக்குள் சத்தம் ரொம்பவும் குறைந்துவிட்டது என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தவர் அவளுக்கும் பாதி பிய்த்துக் கொடுத்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கேட்டதை, அந்த வாக்கியத்தை, அவருக்கு ஆட்சேபம் இருந்தால் கொடுக்கப் போவதில்லை என்பதை.

செந்தூர்பாண்டி மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார். "என்ன வாக்கியம்?"

"அன்னைக்கு மேல வச்சு உங்ககிட்ட நான் சொன்னது அண்ணாச்சி."

"நீ என்னமாச்சும் சொன்னியா? எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லையே, தாயி. காதுக்குள்ள அந்தக் கூப்பாடு போடும்போது நீ சொல்லுதது எங்க கேக்கப் போகுது?"

"அப்போ... எதுக்கு இறங்கி வந்திய?"

"நல்லாக் கேட்ட போ. நீ பின்னாலயே போற. கைப்பிடி இல்ல. மூஞ்சி வெளுத்துப் போச்சு, கட்டைவிரலு உள்ளங்கைக்குள்ள போயி ஒளிஞ்சிருக்கு. இந்தப் புள்ள விழுந்துரும்னு ஓடி வந்து புடிச்சேன். புடிச்ச பெறகு விட முடியுமா? உன்னக் கீழ கொண்டு விடணும்னுதான் நானும் இறங்குனேன்." அவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னைக்கு உனக்கு வந்தது எனக்கு வார பயமுல்லா. பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. எனக்கு இங்க டாக்டரு இருக்காரு, நர்ஸம்மா இருக்காவ, வீட்டுக்காரி சோறு கொண்டு வாரா. உன்ன யாரு பாத்துக்கிடுதா?"

கொரற்றி கையிலிருந்த பன்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், ஆனால் எழுந்து போகவில்லை.

வெளியே வந்து ஆராவமுதனுக்குப் போன் போட்டாள்.

"அந்த வாக்கியத்தப் பாடத்துல சேக்காதிய சார். அவருக்கு அது கேக்கவே இல்ல."

"கேக்கலையா? அப்போ எதுதான் வேலை செஞ்சுது?"

"நான் விழப் போனேன் சார். அவருதான் என்னைப் புடிச்சு இறக்கிக் கொண்டாந்தாரு."

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "அது எப்படி... இதைப் போய் நான் யாருக்கு, எப்படிம்மா கத்துக் குடுக்கிறது?"

"தெரியல சார். இன்னொண்ணு. நான் சொன்னது பொய் இல்ல. பட்டையக் கழத்துனாலும் எனக்கு அது போக மாட்டேங்குது. ரொம்ப நாளாவே. என்ன மாதிரி மத்த ஊர் வாத்தியார்மாருக்கும் இருக்கும். கேட்டுப் பாருங்க. பயந்துக்கிட்டு யாரும் சொல்லாம இருப்பாவ."

"கொரற்றி, லைன்ல இருக்கீங்களா?" என்று அவர் மெதுவாகக் கேட்டபோது, "அப்புறம் பேசுதேன் சார்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

புறநோயாளிச் சீட்டுக் கொடுக்கிற இடத்தில் கூட்டம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் யூனிஃபார்மைப் பார்த்ததும் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். போலீசும் தீயணைப்பும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவது அவளுக்குப் பழக்கம்தான்.

"வாங்க மேடம். பேஷன்ட் வண்டியில இருக்காங்களா? எங்க, கூப்பிடுங்க."

கொரற்றி தொப்பியைக் கழற்றி மேடைமேல் வைத்தாள்.

"நான்தாம்மா," என்றாள்.